ஆண்கள் பக்கம்

என் கொழுந்தன் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல கனமான பித்தளைப் பூட்டு, கூடவே மூன்று சாவி. ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு, மூன்றாவது பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்க. யாரைப் பூட்டுவதற்கு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பூட்டப்பட வேண்டியவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே, வேட்டி நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் என் வீட்டுக்காரர். வயது எழுபத்து மூன்று.

“வெளி கேட்டுல போட்டிருங்க மதினி. அண்ணன் பாட்டுக்கு எங்கனயாவது இறங்கிப் போயிட்டா யாரு பதில் சொல்லுதது?”

“நான் சொல்லுதேன்.”

“நீங்க என்ன சொல்லுவிய? ஊரே கேக்குது மதினி.”

“ஊரு கேட்டா ஊருக்குச் சொல்லுதேன். இந்தப் பூட்டைக் கொண்டுபோய் உங்க கடைக்குப் போடுங்க. அங்கதான் திருட்டுப் போக சாமான் இருக்கு.”

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காபியைத் தொடாமலேயே எழுந்து போனார். அந்தக் காபியை நானே குடித்தேன். ஆறிப்போக விடுவானேன்?

கொழுந்தன் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். அதற்கு முந்தின மாதம் என் வீட்டுக்காரர் கத்தரிக்காய் வாங்கப் போனவர், தென்காசிப் பெரிய கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் முப்பது வருஷத்துக்கு முன்னால் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, உள்ளே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண்ணிடம் காபி கேட்டிருக்கிறார். அந்தப் பெண் நல்லவள். காபியும் போட்டுக் கொடுத்து, அவர் சட்டைப் பையில் நான் நம்பர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து எனக்கு போனும் செய்தாள். நான் ஓடிப்போய் நின்றபோது அவர் என்னைப் பார்த்து, “ஏட்டி, இவ்வளவு நேரம் எங்கன போயிருந்த?” என்று அதட்டினார். அங்கே சிரித்துச் சமாளித்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தார், எதற்கு அழுகிறாள் என்று தெரியாமலே.

பிறகு திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களையும் ஒரே ஓரத்தில் அடுக்கி வைத்துவிட்டு, தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை அச்சுப் பிசகாமல் வரைந்து கொடுத்தார் இவர். முப்பத்து நாலு வருஷம் கரண்ட் ஆபீசில் லைன்மேன். டாக்டர் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“மாத்திரை எழுதித் தரேன். அது ஒரு பங்குதான்,” என்றார் அவர். “தினமும் நடக்க வையுங்க. சும்மா உலாத்துறது இல்ல, வேர்க்கணும், மூச்சு வாங்கணும். நாலு மனுஷங்களைப் பாக்கணும், பேசணும். போனது திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்மா. இருக்கிறது கொஞ்ச நாள் கூட நிக்கும்.”

கொஞ்ச நாள் கூட. எனக்கு அது போதும். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தக் கொஞ்ச நாளின் அருமை தெரியும். பூட்டு வாங்கி வருகிறவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு, இடது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முனகும். முதல் நாள் தெருமுனை வரைக்கும் போவதற்குள் எங்களுக்குள் மூன்று சண்டை. “எதுக்கு இழுத்துட்டுப் போற?” என்பார், நின்றுவிடுவார். நானும் நின்றுவிடுவேன். யார் அதிக நேரம் நிற்பது என்று ஒரு போட்டி. அதில் எப்போதும் நான்தான் ஜெயிப்பேன், ரேஷன் கடையில் நின்று பழகிய கால்கள். ஒரு வாரத்தில் மார்க்கெட் வரை போனோம். ஒரு மாதத்தில் மேலகரம். அப்புறம் நன்னகரம். சாரல் தொடங்கும் சமயத்தில் குற்றாலம் வரைக்கும் நடந்துவிட்டோம். போகும்போது நடை, வரும்போது பஸ்.

அவரை எப்படி நடக்க வைப்பது என்பதை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். தரையைப் பார்த்து நடந்தால் பத்தடியில் சோர்ந்துவிடுவார். மேலே பார்க்கவிட வேண்டும். ஒவ்வொரு போஸ்ட்டாக அவர் கண் போகும். “இந்த லைன் தொய்ஞ்சு போச்சு பாத்தியா?”, “இது காத்து காலத்துல சாய்ஞ்ச போஸ்ட்டு, நான் நின்னு நட்டது”, “இந்த டிரான்ஸ்ஃபார்மரு மேலகரத்துக்கு மட்டுந்தான்.” மகன் பெயரை மறந்த வாய் இதையெல்லாம் சொல்லும். நானும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டே வருவேன். பதில் சொல்லிக்கொண்டே அடுத்த போஸ்ட்டுக்கு வந்துவிடுவார். அப்படியே ஐந்து கிலோமீட்டர்.

என்ன பலன் என்று கேட்டார்கள். எல்லாரும் கேட்டார்கள். எங்கள் சொந்தத்தில் ஒருத்தி, பஸ்ஸில் என்னைப் பார்த்து, “பிள்ளை சென்னையில ஏசி ரூம் போட்டுக் கூப்பிடுதான். நீ இவரை ரோட்டுல இழுத்துட்டு அலையுத. நடந்தா போன ஞாபகம் வந்திருமாக்கும்?” என்று கேட்டாள். வராது. அது எனக்கும் தெரியும். ஆனால் முன்பெல்லாம் பொழுது சாயும் நேரம் வந்தால், சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே, “வா, வீட்டுக்குப் போவோம், நேரமாச்சு” என்று கதவைப் போட்டு இழுப்பார். நடக்க ஆரம்பித்த இரண்டாவது மாதத்தில் அது நின்றது. சாப்பாட்டைத் தள்ளிவிடுவது நின்றது. ஒரு நாள் தானாகவே முகச்சவரம் செய்துகொண்டு வந்து நின்றார், தாடையில் இரண்டு வெட்டுக் காயத்தோடு. இதையெல்லாம் அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? “ஆமா, அலையுதோம். நீயும் வாயேன், உன் இடுப்புக்கும் நல்லது,” என்றேன். அடுத்த ஸ்டாப்பிலேயே அவளுக்கு இறங்க வேண்டிய வேலை வந்துவிட்டது.

குற்றாலத்தில்தான் ஒரு சிக்கல் வந்தது. மெயினருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. வழியெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடலாம், தண்ணீருக்குள் கூட்டிப் போக முடியாது. முதல் நாள் அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிரிவில் விழித்துக்கொண்டு நின்றேன். அவரோ குழந்தை மாதிரி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போதுதான், தலை துவட்டிக்கொண்டே ஒருவர் வந்து, “என்ன மைனி, அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போகணுமா?” என்று கேட்டார்.

கடையநல்லூர்க்காரர் அவர். வளைகுடாவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது தினமும் காலையில் ஸ்கூட்டரில் அருவிக்கு வருகிறார். “அங்கன காஞ்ச காய்ச்சல இங்கன நனைச்சுத் தீர்க்கேன் மைனி” என்பார். என் வீட்டுக்காரரை விட ஏழெட்டு வயது இளையவர். பாய் என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர் என் வீட்டுக்காரரின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போவார். பத்து நிமிஷம் கழித்துக் கூட்டி வருவார். வரும்போது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணெல்லாம் சிவந்து, வாயெல்லாம் சிரிப்பு. வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்ற நான் அரை மணி நேரம் கெஞ்ச வேண்டும். இங்கே ஒரு மலையே தலையில் விழுகிறது, சிரிக்கிறார்.

வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மாதம் இப்படிப் போனது.

இனி சொல்லப்போகும் நாளில் தப்பு என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று பாய் வரவில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று முந்தின தடவையே சொல்லியிருந்தார், நான்தான் மறந்துபோனேன். ஆம், நான்தான். அவரைப் போலவே எனக்கும் மறக்கும். அப்படியே திரும்பிக் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, “குளிச்சிட்டு வாரேன்” என்றார். முழுசாக, தெளிவாக, ஒரு வாக்கியம். எத்தனை மாதம் கழித்து அவர் வாயில் இருந்து அப்படி வந்தது! எனக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பதோடு, பாய் இல்லாமலும் இவரால் முடியும் என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டும் போல ஒரு வீம்பு. “சரி, போயிட்டு வாங்க, நான் இங்கனயே நிக்கேன்” என்றேன்.

கூட்டம் சுமாராக இருந்தது. ஐந்து நிமிஷம் வரைக்கும் அவர் தலை தெரிந்தது. பிறகு நாலைந்து தடிப்பையன்கள் நடுவில் வந்து மறைத்தார்கள். மேலே மலையில் எங்கோ பெரிய மழை பெய்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கலங்கி, செம்மண் நிறத்துக்கு வந்து, சத்தம் மாறியது. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். போலீஸ்காரர்கள் விசில் ஊதினார்கள். எல்லாரும் வெளியே வாங்க, வெளியே வாங்க என்று கத்தினார்கள். ஆண்கள் திமுதிமுவென்று வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவர் இல்லை. கடைசியில் வந்த இரண்டு பேர் எரிச்சலோடு பேசிக்கொண்டே போனது காதில் விழுந்தது.

“ஒரு பெருசு உள்ள நின்னுக்கிட்டு வரமாட்டேங்கான். காலையிலேயே சரக்கு உள்ள போயிருக்கு.”

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் பீடி கூடக் குடித்ததில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் கால் ஓடியது. தினமும் நடந்த கால். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு ஆண்கள் பக்கத்துக்குள் நுழைந்தேன். ஒரு இளம் போலீஸ்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

“பாட்டி, இது ஜென்ஸ் சைடு! அங்க போங்க!”

“தெரியுது. என் வீட்டுக்காரரு உள்ள இருக்காரு. நீ போய்க் கூட்டிட்டு வாரியா, நான் போகட்டா?”

அவர் யோசிப்பதற்குள் நான் போய்விட்டேன். ஈரத்துண்டோடு நின்றவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் செல்போனை எடுத்தான். எடுக்கட்டும்.

அவர் அருவியின் ஓரத்தில், சுவரோடு சுவராக நின்றார். ஆட்கள் பிடித்துக்கொண்டு நடப்பதற்காகப் போட்டிருக்கும் இரும்புக் கம்பி அவருக்கு இரண்டடி தள்ளி. தண்ணீர் முழங்காலுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவர் கையைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறான். இவர் அவனைத் தள்ளிவிட்டு முழுக்குரலில் கத்துகிறார்.

“தொடாதலே! ஈரக் கம்பி! சப்ளை இருக்கு, செத்துப் போவ! தள்ளிப் போலே!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விசிலும் கூச்சலும் ஆட்கள் ஓடுவதுமாக இருந்ததில் அவர் புத்தி எங்கேயோ போய்விட்டது. மழையில், ஈரத்தில், அறுந்து விழுந்த லைனுக்குப் பக்கத்தில் நின்ற ஏதோ ஒரு நாளுக்கு. அவர் வரமாட்டேன் என்று நிற்கவில்லை. அத்தனை பேரும் கரண்டில் கை வைக்கிறார்கள் என்று தடுத்துக்கொண்டு நிற்கிறார். தான் தப்பிப்பது அவர் நினைவில் இல்லவே இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்குப் பயத்தை விடப் பெருமைதான் முதலில் வந்தது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இழுத்தால் வரமாட்டார். அது கரண்ட் கம்பி இல்லை என்று சொன்னாலும் கேட்க மாட்டார். நாற்பத்தாறு வருஷத்தில் நான் சொல்லி அவர் கேட்டது குறைவு. ஆபீசில் இருந்து சொன்னால் கேட்பார். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

“இங்கேருங்க! எல்.சி. வாங்கியாச்சு!”

லைனை அணைத்துவிட்டோம், நீ கை வைக்கலாம் என்று சப்-ஸ்டேஷனில் இருந்து கொடுக்கும் அனுமதிக்கு அதுதான் பெயர். அது இல்லாமல் அவர் ஒரு போஸ்ட்டில் ஏறியது கிடையாது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி அதற்காக அவர் போனில் மல்லுக்கட்டியதை ஆயிரம் தடவை கேட்டவள் நான். அவர் கத்துவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்து பார்த்தாரா, தெரியாது.

“யாரு வாங்குனது?”

“நான்தான். சப்-ஸ்டேஷனுக்கு போன் போட்டு நானே கேட்டேன். அணைச்சாச்சு.”

“ஆளு வேலை செய்யுதுன்னு போர்டு மாட்டியாச்சா?”

“மாட்டியாச்சு.”

தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து என் சேலையை இழுத்தது. பின்னால் விசில் காதைப் பிளந்தது. அவர் அவசரப்படவில்லை. அந்த வேலையில் அவசரப்படக் கூடாது.

“புறங்கையால தொடு,” என்றார்.

தொட்டேன். புதிதாக வருகிற ஆளுக்கு முதலில் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். கரண்ட் இருந்தால் கை உதறித் தள்ளும், ஒட்டிக்கொள்ளாது. புறங்கையால் தொட்டுக் காட்டிவிட்டு, பிறகு முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அவர் ஒரு மூச்சு நேரம் என் கையையே பார்த்தார். பிறகு, “சரி” என்று சொல்லிவிட்டு, தானும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, கம்பியைப் பிடித்து, என்னை முன்னால் விட்டு, எனக்குப் பின்னால் நடந்து வந்தார்.

கரைக்கு வந்ததும் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஆளை எதற்குக் கூட்டி வருகிறீர்கள், செத்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நேரம் எனக்கு நியாயம் கேட்கிற பொறுமை இல்லை.

“விசில் ஊதினா புத்தி தெளிவா இருக்கிறவன் வருவான். தடுமாறுதவனுக்கு ஆளு வேணும். அந்த ஆளு பொம்பளையா இருந்தா உள்ள விட மாட்டிய. அப்போ என்ன, எங்கள வீட்டுக்குள்ள கிடந்து சாகச் சொல்லுதியளா?”

போலீஸ்காரர் தன் ஃபிளாஸ்கில் இருந்த டீயை மூடியில் ஊற்றி என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் தலையைத் துவட்டிவிட்டேன். இவர், “வேலை முடிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

செல்போன்காரன் சும்மா இருக்கவில்லை. மத்தியானத்துக்குள் அந்த வீடியோ கொழுந்தன் வரைக்கும் வந்துவிட்டது, அவர் வழியாகச் சென்னைக்கும் போய்விட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரு கிழவி ஓடுகிறாள். கீழே யாரோ சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். மகன் அழைத்தான். கத்தினான். கடைசியில் அவன் குரல் உடைந்துபோனது. “உனக்கும் சேத்துப் புத்தி கெட்டுப்போச்சாம்மா? ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிருப்பியளேம்மா!” என்றான். அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டான்.

முடிவு எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தான். சென்னையில் அவன் வீடு ஒன்பதாவது மாடி. நர்ஸ் ஒருத்தி பகலெல்லாம் இருப்பாள். கீழே நடப்பதற்குச் சிமெண்டுப் பாதை இருக்கிறது. இனி தென்காசி வேண்டாம், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அப்பாவைப் பற்றி எல்லாம் பேசினான், அப்பா அந்தக் கூடத்தில்தான் இருந்தார். வந்ததில் இருந்து அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவனும் அதை எதிர்பார்த்து எதிர்பார்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுக் கொடுக்க முடியாது.

“ஒன்பதாவது மாடியில இருந்து அவரு எந்தப் போஸ்ட்டைப் பாப்பாரு?” என்று கேட்டேன். “நாளைக்கு ஒரு நாள் எங்க கூட நடந்து வா. வந்துட்டு என்ன சொன்னாலும் கேக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினோம். மகனுக்கு நாற்பத்து மூன்று வயது. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு முன்னால் போகிறது, ஆள் பின்னால் வருகிறான். மேலகரத்திலேயே அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவன் அப்பா போஸ்ட் போஸ்ட்டாகப் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார். இரண்டு தடவை அவர்தான் நின்று, திரும்பிப் பார்த்து, “அந்தத் தம்பி வரட்டும்” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைத் தம்பி என்றாரே!

அருவியில் தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. பாய் வந்திருந்தார். நடந்ததைக் கேள்விப்பட்டதில் இருந்து தினமும் போன் செய்து, தான் வராமல் போனதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்த மனுஷர். “இன்னைக்கு மகன் கூட்டிட்டுப் போகட்டும் மைனி. நான் இங்கன நிக்கேன்” என்றார். மகன் தயங்கினான். பிறகு சட்டையைக் கழற்றினான். நான் இரண்டு சட்டையையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

பத்து நிமிஷம் ஆனது. கால் மணி நேரம் ஆனது. சண்டைக்காரியாக வந்தவள், இரண்டு சட்டையையும் மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றேன். இவனுக்கும் ஏதாவது ஆகிவிட்டால், நான் எந்த முகத்தோடு நிற்பேன்? என் பிடிவாதத்துக்கு இன்னும் எத்தனை பேரை இழுத்துக்கொண்டு வரப்போகிறேன்?

வந்தார்கள். மகன் அப்பாவைக் கூட்டி வரவில்லை. அப்பாதான் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எட்டாகப் பார்த்து வைத்து, கூட்டி வந்தார். என் கையில் அவன் கையைக் கொடுத்தார்.

“இந்தத் தம்பிக்குத் தண்ணி பழக்கமில்ல போல. ரொம்பத் தடுமாறுதான். நாளைக்கும் கூட்டிட்டு வா, நான் பிடிச்சுக்கிடுதேன்.”

மகன் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு நின்றான். முகமெல்லாம் ஏற்கெனவே ஈரம். பாய் வேறு பக்கம் திரும்பி, இல்லாத ஆளை யாரையோ கைகாட்டிக் கூப்பிட்டார்.

டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது அவன் மெதுவாகக் கேட்டான்.

“திரும்பவும் ஏதாவது ஆச்சுன்னா என்னம்மா செய்வ?”

“ஆகும்லே. கண்டிப்பா ஒரு நாள் ஆகும். வீட்டுக்குள்ள வச்சிருந்தாலும் ஆகத்தான் போகுது. இனிமே அவரைத் தனியா உள்ள விட மாட்டேன், அது என் தப்பு. ஆனா நடக்கிறத நிறுத்த மாட்டேன். அவரு கால் நிக்கிற வரைக்கும் நடப்போம். அதுக்கப்புறம் வேணா உன் ஒன்பதாவது மாடியப் பத்திப் பேசு.”

அவன் டீயைக் குடித்தான். மறுநாள் திங்கட்கிழமை காலையில் மழை, நடக்கப் போகவில்லை. சாயங்கால ரயிலில் மகன் போய்விட்டான். சென்னைக்கு வா என்று அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. எழுப்பி, பல் தேய்க்க வைத்து, சட்டை மாட்டிவிட்டேன். வாசலில் செருப்பைப் போட்டவர் கிளம்பாமல் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“என்ன, கிளம்பலாமா?” என்றேன்.

“அந்தத் தம்பி எங்க? இன்னைக்கு வரலியா?”

நேற்று என்ன சாப்பிட்டார் என்று தெரியாது. இன்று என்ன கிழமை என்று தெரியாது. இரண்டு நாளைக்கு முன்னால் ஒரே ஒரு நாள் கூட நடந்தவனைத் தேடுகிறார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்து மகனுக்கு போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான், பயந்துபோய், “என்னம்மா, என்னாச்சு?” என்றான்.

“ஒண்ணும் ஆகல. அப்பா உன்னைத் தேடுதாரு,” என்றேன்.

“என்னையாம்மா?” என்றான். நான் போனை வைக்காமல் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். இவர் என் கையைப் பிடித்துத் தூக்கினார். வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும் என்றார்.